மருந்துக் கம்பெனி கொடுக்கும் பணம்: கொங்கு வட்டார மருத்துவ அறக்கட்டளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் சர்க்கரை முகாம், டயாலிசிஸ் உதவி, புற்றுநோயாளிகளுக்குத் தங்குமிடம், தலசீமியா குழந்தைகளுக்கு ரத்தம் என்று நடத்திவரும் சிறிய, நடுத்தர அறக்கட்டளைகளுக்காக எழுதியது. புதிய வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்கள் வேறு. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே சொல்லியிருக்கிறோம். புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, மருந்துக் கம்பெனிகிட்ட பணம் வாங்கறதே தப்புங்களா?

சட்டப்படி தப்பில்லை. அறக்கட்டளை கம்பெனியிடம் நன்கொடை வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சிக்கல் பணத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதில் இருக்கிறது. நம் பக்கம் கல்யாணத்தில் மொய் வைத்தால் நோட்டில் பெயர் ஏறும். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். கம்பெனிப் பணத்தை மொய்க் கணக்கில் பார்க்கும் பழக்கம் அறங்காவலர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது. “அஞ்சு லட்சம் குடுத்தாங்க, ஒரு ஸ்டால் போட எடங் கேக்கறாங்க, எப்படி முடியாதுன்னு சொல்றது” என்று கூட்டத்தில் யாராவது பேச ஆரம்பித்தால், அந்தப் பணம் நன்கொடையாக வரவில்லை என்று பொருள்.

ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவெடுக்கலாம். இந்தக் கம்பெனி அடுத்த வருடம் நின்றுபோனால், நாம் நோயாளியிடம் சொல்வது எதுவும் மாறுமா? மாறாது என்றால் வாங்குங்கள். மாறும் என்றால், அல்லது பதில் சொல்ல நேரம் பிடித்தால், வேண்டாம்.

அப்படி என்ன கெட்டுவிடப் போகிறது? நல்ல காரியத்துக்குத்தானே செலவு செய்கிறோம்?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கன் பெயின் ஃபவுண்டேஷன் என்று வலி நோயாளிகளுக்காக ஓர் அமைப்பு இருந்தது. 2010ஆம் ஆண்டு அதற்கு வந்த பணத்தில் சுமார் 90 சதவீதம் மருந்து, மருத்துவக் கருவிக் கம்பெனிகளிடமிருந்து வந்தது. அதன் கையேடுகள் ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைகளின் அடிமைத்தன ஆபத்தைக் குறைத்துக் காட்டின என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2012 மே மாதம் செனட் குழு விசாரணை தொடங்கிய அதே நேரத்தில் அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வலியின் கொடுமை தெரிந்தவர்கள்தான். பணம் ஒரே பக்கத்திலிருந்து வந்ததால், எந்த ஆபத்தைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாமல் போயிற்று.

கம்பெனியில் எந்தப் பையிலிருந்து பணம் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச வருகிற ஆளை வைத்தே சொல்லிவிடலாம். மெடிக்கல் ரெப்போ (கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி) ஏரியா மேனேஜரோ வந்து, “சார், கேம்ப் நாங்க ஸ்பான்சர் பண்ணிக்கறோம்” என்றால் அது விற்பனைப் பிரிவின் பணம். தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்து, சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண், 12ஏபி, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், தர்பண் எண் (நிதி ஆயோக் தளத்தில் தொண்டு அமைப்புகளுக்குத் தரும் எண்), பான், மூன்று வருட ஆடிட் அறிக்கை எல்லாம் கேட்டால் அது கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் திட்டம் என்று தனி ஏஜென்சி பேச வந்தால் அது மூன்றாவது வகை. அதைப் பின்னால் பார்க்கலாம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135ன் கீழ் வரும் சி.எஸ்.ஆர். விதிகளே, தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர ஆதாயம் கிடைப்பதற்காகக் கம்பெனி செய்யும் ஸ்பான்சர் வேலைகள் சி.எஸ்.ஆர். ஆகாது என்று சொல்கின்றன. ஆகவே “இது சி.எஸ்.ஆர்.தான், மாத்திரை பேர் போட்ட பேனர் மட்டும் வைங்க” என்று யாராவது கேட்டால், இரண்டும் சேராது என்று தைரியமாகச் சொல்லலாம். விதி உங்கள் பக்கம் இருக்கிறது.

சி.எஸ்.ஆர். பணம் வாங்கும்போது எங்கே இடறுகிறார்கள்?

மார்ச் மாதத்தில். நிதியாண்டு முடிவதற்குள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் மார்ச் 20 வாக்கில் போன் வரும். 31ஆம் தேதிக்குள் பணத்தைப் போட்டுவிட்டு, “செலவு செய்தாச்சு” என்று பயன்பாட்டுச் சான்றில் கையெழுத்துக் கேட்பார்கள். செய்யாத செலவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பல வருடத் திட்டமாகக் கம்பெனி அறிவித்திருந்தால், மீதிப் பணத்தை ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, அதிலிருந்து மூன்று நிதியாண்டுக்குள் செலவு செய்ய அவர்களுக்கு வழி இருக்கிறது. அந்த வழியை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சொல்லி உங்கள் நர்ஸ், ஓட்டுநர் சம்பளத்தை வெட்டச் சொல்வார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனியின் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்கான வரம்பு. திட்டத்தில் நேரடியாக வேலை செய்கிறவர்களின் சம்பளம் திட்டச் செலவு. பட்ஜெட்டில் முதலிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

சர்க்கரை முகாமுக்குக் கம்பெனி குளுக்கோமீட்டரும் ஸ்டிரிப்பும் இலவசமாகத் தருகிறது. வாங்கலாமா?

முகாமில் சோதிக்க மட்டும் என்றால் வாங்கலாம். நோயாளி கையில் மீட்டரைக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் யோசியுங்கள். ஒரு கம்பெனி மீட்டருக்கு அந்தக் கம்பெனி ஸ்டிரிப்தான் பொருந்தும். மீட்டர் இலவசம்; ஸ்டிரிப் ஒன்று பிராண்டைப் பொறுத்து 15, 20 ரூபாய். அந்தியூரிலிருந்து வந்த பெரியம்மா வாரத்துக்கு இரண்டு தடவை சோதித்தாலே மாதம் 120 ரூபாய்க்கு மேல். இரண்டு மாதம் கழித்து மீட்டர் பீரோவில் கிடக்கும். தந்தே ஆக வேண்டும் என்றால் இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும், ஒரு வருட ஸ்டிரிப்போடு சேர்த்துக் கொடுங்கள்.

முகாம் நடத்தும் முறையில் கவனிக்க வேண்டியவை நிறைய. கல்யாண மண்டபத்தில் காலை டிபன் போட்டுவிட்டுச் சோதனைக்கு உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம். கேசரி தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் சர்க்கரை அளவு ஏறித்தான் காட்டும். ஸ்பிரிட் காயும்முன் குத்தினாலும் அளவு தவறும். ஸ்டிரிப் டப்பாவை மூடாமல் மேஜையில் வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். ஆகவே டிபனுக்கு முன்பே சோதனை. சோப்புப் போட்டுக் கை கழுவ வாளியும் துண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டு. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், அளவு தப்பாக ஏறினால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. சரியாக எடுக்க வேண்டும் என்ற அக்கறை நம்முடையதாக மட்டுமே இருக்கும்.

சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுத்த அளவு 140க்கு மேல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுங்கள். முகாமில் மாத்திரை தொடங்கக் கூடாது. எழுதிக் கொடுக்கும் சீட்டு உங்கள் லெட்டர்பேடில் இருக்கட்டும். கம்பெனி அச்சடித்துக் கொடுத்த சீட்டில் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் என்பதையும், முதல்வர் மருந்தகம், ஜன் ஔஷதி கடைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் அதே சீட்டில் அச்சடித்துவிடுங்கள். இதற்குக் கம்பெனி முகம் சுளித்தால், எதற்காக வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

ரெப் எங்கே நிற்கலாம்? பதிவு மேஜையிலும் டாக்டர் மேஜையிலும் கூடாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ கொடுங்கள்.

குதிகால் மெஷினில் எலும்பு பலம் பார்க்கும் முகாம்?

கால்சியம், வைட்டமின் டி விற்கும் கம்பெனிகளுக்குப் பிடித்த முகாம் இது. மெஷின் அவர்களுடையது, ஆப்பரேட்டர் அவர்களுடையவர், ரிப்போர்ட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை. எலும்புப்புரை என்று முடிவு செய்ய உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் டி-ஸ்கோர் (எலும்பு அடர்த்தியை இளவயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 என்ற அளவு, இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்கும் டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனுக்கு உரியது. குதிகால் அல்ட்ராசவுண்டில் வரும் எண்ணை அதே அளவுகோலில் வைத்துப் பார்க்க முடியாது. நாற்பது வயதுப் பெண்களில் பாதிப் பேரைப் பயமுறுத்தி அனுப்பும் முகாமை உங்கள் பெயரில் நடத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எவ்வளவு பணம் தந்தாலும்.

முகாமில் கொடுக்க சாம்பிள் மாத்திரை தருகிறார்கள்.

அறக்கட்டளை சாம்பிள் வாங்கக் கூடாது. மத்திய மருந்துத் துறை 2024 மார்ச் 12 அன்று வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறைப்படி, மருந்து எழுதும் தகுதி உள்ளவரிடம் மட்டுமே சாம்பிளைக் கொடுக்க வேண்டும். ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருடத்துக்கு 12 பேக். ஒவ்வொன்றும் அதிகபட்சம் மூன்று நோயாளிகளுக்கான அளவு. முகாமுக்குப் பெட்டி பெட்டியாக சாம்பிள் வருகிறது என்றால் எங்கேயோ கணக்கு மாறியிருக்கிறது.

சாம்பிள் இல்லாத, முறையான மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டுதல் நல்ல அளவுகோல். வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடக் காலாவதி மீதி இருக்க வேண்டும். நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தும் சாம்பிளும் கூடாது. நீங்கள் கேட்ட பட்டியலில் இருக்கும் மருந்தாகவே இருக்க வேண்டும். கம்பெனியிடம் தேங்கிக் கிடப்பதை நாம் காலி செய்து தர வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் காலாவதியாகும் 2,000 ஸ்டிரிப் வந்தால், முக்கால்வாசியை நீங்கள்தான் மருத்துவக் கழிவாகக் காசு கொடுத்து அகற்ற வேண்டி வரும். கம்பெனியோ முழு விலையைத் தர்மக் கணக்கில் எழுதியிருக்கும்.

வாங்கும்போது பேட்ச் எண், காலாவதி, எண்ணிக்கை மூன்றையும் டெலிவரி சலானோடு ஒப்பிட்டு ஸ்டாக் புத்தகத்தில் ஏற்றுங்கள். இன்சுலின் என்றால் 2 முதல் 8 டிகிரி. கரூர், ஈரோடு சித்திரை வெயிலில் ஒரு மதியம் வேனில் கிடந்தால் போதும், மருந்து கெட்டுவிடும், பார்த்தால் தெரியாது. மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடும், தினம் இரண்டு தடவை வெப்பநிலை எழுதும் ஆளும் இல்லாவிட்டால் இன்சுலின் நன்கொடையை ஏற்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு நேராக அனுப்பச் சொல்லுங்கள்.

புற்றுநோய் மருந்துக்கு “மூன்று வாங்கினால் மூன்று இலவசம்” திட்டத்தை எங்கள் வழியாக நடத்தச் சொல்கிறார்கள்.

இதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கும். மருந்து வாங்கவே வழியில்லாத குடும்பத்துக்குப் பாதி விலை என்பது பெரிய விஷயம். ஆனால் அந்த முதல் மூன்றை வாங்க நகையை அடகு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதே மூலக்கூறு வேறு கம்பெனி ஜெனரிக்காக இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம்.

சேர்க்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வருமா? கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி இடத்தில் இலவசமாகக் கிடைக்குமா? ஜெனரிக் விலை என்ன? மூன்றையும் நோயாளியிடம் சொன்ன பிறகும் அவர் இதைத் தேர்ந்தெடுத்தால் சேர்க்கலாம். இப்படிச் சொல்வதற்கு ஒப்பந்தத்தில் தடை இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.

திட்டம் நடுவில் நிற்பதுதான் பெரிய அபாயம். காப்புரிமை முடிந்ததும், போட்டி மருந்து வந்ததும் திட்டத்தை மூடுவார்கள். “திட்டம் மூடப்பட்டாலும் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு, டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லும் வரை அதே ஏற்பாடு தொடரும், புதியவர்களை நிறுத்த ஆறு மாத முன்னறிவிப்பு” என்ற வரி இல்லாமல் தொடங்கக் கூடாது.

எந்த மருந்தை எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்ற பிராண்டு வாரிக் கணக்கைக் கம்பெனிக்குத் தராதீர்கள். அமெரிக்காவில் கம்பெனிகள் மாட்டிக்கொண்டது இதில்தான். காப்பீடு போக நோயாளி கட்ட வேண்டிய பங்குத் தொகையைக் கட்டும் அறக்கட்டளைகளுக்குக் கம்பெனிகள் நன்கொடை கொடுத்து, தங்கள் மருந்து எடுப்பவர்களுக்கே அது போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டன என்பது அந்நாட்டு நீதித் துறையின் குற்றச்சாட்டு. அதைத் தீர்க்க யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் 2017 டிசம்பரில் 21 கோடி டாலரும், ஃபைசர் 2018 மே மாதம் சுமார் 2.4 கோடி டாலரும் கட்டின.

மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு வரை வாங்கலாம்?

சட்ட வரம்பு கிடையாது. நாங்கள் சொல்லும் கணக்கு இது: ஒரு கம்பெனியிடமிருந்து 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், மருந்து, கருவிக் கம்பெனிகள் எல்லாம் சேர்த்து 25 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். வருடம் 40 லட்சம் வருகிற அறக்கட்டளை என்றால் ஒருவரிடம் 4 லட்சம், மொத்தம் 10 லட்சம். கையில் மூன்று மாதச் செலவுக்கான இருப்பு எப்போதும் இருக்க வேண்டும். அது இல்லாதவர்களால் “முடியாது” என்று சொல்ல முடிவதில்லை.

பொருளாகத் தருவதையும் கணக்கில் சேருங்கள். பணமாக 2 லட்சம், மருந்தாக 8 லட்சம் என்றால் அது 10 லட்சம்தான்.

நம் வட்டாரத்தில் இந்த வரம்பைக் கடைப்பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நூற்பாலை, பனியன் ஏற்றுமதி, பம்ப், கோழிப்பண்ணை என்று மருந்தோடு சம்பந்தமில்லாத நன்கொடையாளர்கள் நிறைய. அவர்களைப் போய்ப் பார்க்க நடக்க வேண்டும். ரெப் தானே வந்துவிடுவார். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்ன?

தொகை சிறியது என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 25,000 ரூபாய்க்கு மேல் எதுவானாலும் இரண்டு பக்கக் கடிதமாவது இருக்கட்டும். எவ்வளவு, எதற்கு, எத்தனை தவணை, எந்தத் தேதிக்குள் என்பவற்றோடு, இந்த நான்கு வரிகளையும் அப்படியே சேர்க்கலாம்:

“இந்த நன்கொடைக்காக எந்த மருந்தையோ கருவியையோ அறக்கட்டளை பரிந்துரைக்காது. கையேடு, பேச்சாளர், பயனாளிகள் தேர்வு மூன்றிலும் முடிவு அறக்கட்டளையினுடையது; கம்பெனிக்கு முன்கூட்டிப் பார்க்கும் உரிமை இல்லை. மற்றவர்களிடமும் நன்கொடை பெற அறக்கட்டளைக்குத் தடையில்லை. தொகையையும் நோக்கத்தையும் அறக்கட்டளை வெளியிடும்.”

இதைப் பார்த்துக் கம்பெனி அதிர்ச்சி அடையாது. ஐரோப்பிய மருந்துக் கம்பெனிகளின் சங்கம் நோயாளி அமைப்புகளோடு உறவு வைப்பதற்கென்று 2007லேயே நெறிமுறை போட்டுவிட்டது. எழுத்து ஒப்பந்தம், தொகை வெளியீடு, நான் மட்டுமே கொடுப்பேன் என்று வற்புறுத்தக் கூடாது என்பதெல்லாம் அவர்களே ஏற்றுக்கொண்டவை. அங்கே செய்கிற பன்னாட்டுக் கம்பெனியின் கிளை இங்கே மறுத்தால், காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

டாக்டர்களின் மாநாட்டுச் செலவை அறக்கட்டளை வழியாகக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். டாக்டர்கள் மருந்துக் கம்பெனியிடம் பரிசும் பயணமும் பெறுவதை 2009 திருத்தத்திலிருந்தே மருத்துவக் கவுன்சில் நெறிமுறை தடுக்கிறது. 2022 பிப்ரவரி 22 அன்று அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில், டாக்டர்களுக்குத் தரும் இலவசங்களைக் கம்பெனி வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நேர் வழி அடைபட்டதால் சுற்றுவழி தேடுகிறார்கள். அந்த டாக்டர் உங்கள் அறங்காவலராகவும் இருந்துவிட்டால், அறங்காவலருக்கு ஆதாயம் செய்ததாக வருமான வரிச் சட்டம் 13வது பிரிவில் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போய்விடலாம்.

எங்கள் அறங்காவலரின் மச்சான் மருந்து ஸ்டாக்கிஸ்ட். அவரிடம் வாங்கக் கூடாதா?

நம் ஊரில் பங்காளி, மாமன் மச்சான் இல்லாத அறக்கட்டளை ஏது? உறவு இருப்பதில் குற்றமில்லை, மறைப்பதில்தான் குற்றம். வருடம் ஒருமுறை, ஏப்ரல் கூட்டத்தில், ஒவ்வொரு அறங்காவலரும் எழுதித் தரட்டும்: தனக்கோ, மனைவி, மக்கள், உடன்பிறந்தவர், சம்பந்தி வீட்டாருக்கோ மருந்துக் கம்பெனி, ஏஜென்சி, மருந்துக் கடை, லேப், ஸ்கேன் சென்டர் இருக்கிறதா, எந்தக் கம்பெனிப் பங்கு வைத்திருக்கிறார் என்று. மருந்து கொள்முதல் வந்தால் மூன்று விலைப்புள்ளி வாங்குங்கள். பேச்சு நடக்கும்போது சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தில் “இவர் வெளியேறினார், இத்தனை மணிக்குத் திரும்பினார்” என்று பதிய வேண்டும். அறையிலேயே உட்கார்ந்துகொண்டு ஓட்டுப் போடாமல் இருப்பது போதாது. பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் மாற்றிப் பேச மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசின் அனுமதி) வேண்டுமா?

வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியோ அதன் அறக்கட்டளையோ தந்தால் கட்டாயம் வேண்டும். ரூபாயில் தந்தாலும், பொருளாகத் தந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். இந்தியாவில் பதிவான கிளைக் கம்பெனி தந்தால் வேறு கதை. அதில் பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டார் கையில் இருந்தாலும், அந்த முதலீடு அன்னியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் இருந்தால் அதை வெளிநாட்டு மூலம் என்று கொள்வதில்லை. இது 2016இல் வந்த திருத்தம். ஊகத்தில் முடிவெடுக்காமல், கம்பெனிச் செயலாளரிடமிருந்து இதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பதிவு இருந்தால் பணம் டெல்லி நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. “எங்களுக்குப் பதிவு இல்லை, நீங்கள் வாங்கிக் கொடுங்கள்” என்று பக்கத்து ஊர் அறக்கட்டளை கேட்டால், எவ்வளவு பழகியவர்களாக இருந்தாலும் முடியாது.

பயனாளிகளின் பட்டியலைக் கேட்கிறார்கள். ஆடிட்டுக்காம்.

ஆடிட்டுக்குப் பெயரும் போன் நம்பரும் தேவையில்லை. வரிசை எண், வயது, பாலினம், தாலுகா, கொடுத்த உதவி, தேதி போதும். சரிபார்த்தே ஆக வேண்டும் என்றால் அவர்கள் ஆடிட்டர் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, உங்கள் ஆள் முன்னால், பத்துக் கோப்பு பார்த்துவிட்டுப் போகட்டும். நகல், போன் படம் எதுவும் வேண்டாம். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, எந்த நோக்கத்துக்கு ஒப்புதல் வாங்கினோமோ அதற்கு மட்டும் தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பது. முகாம் பதிவுத் தாளின் அடியில் பொடி எழுத்தில் “கம்பெனிக்குத் தர சம்மதம்” என்று அச்சடித்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாளை நீங்களே அச்சடியுங்கள்.

பணம் கொடுத்த கம்பெனியின் மருந்து விலையை எதிர்த்துப் பேசலாமா?

பேசலாம், பேச முடியாவிட்டால் நோயாளிகளுக்கான அமைப்பு என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தை நோவார்ட்டிஸ் ஓர் இலவசத் திட்டத்தில் இந்திய நோயாளிகள் ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்தது. அதே மருந்தின் காப்புரிமையை மும்பையின் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் எதிர்த்தது. மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆகும் இடத்தில் ஜெனரிக் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமையை மறுத்தது. இலவசத் திட்டத்துக்கு நன்றி சொல்லிவிட்டு எதிர்ப்பை விட்டிருந்தால், திட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்?

வாங்கியதை எப்படி வெளியிடுவது?

“நன்கொடையாளர்களுக்கு நன்றி” என்று பத்து லோகோவை வரிசையாக அடுக்குவதை வெளியிடுதல் என்று சொல்ல முடியாது. ஆண்டறிக்கையில் கம்பெனி பெயர், தொகை, பணமா பொருளா, எதற்கு, மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று ஐந்து கட்டமுள்ள அட்டவணை போடுங்கள். அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். ஒரு நோயைப் பற்றிக் கையேடு அச்சடித்தால், முன் அட்டையின் உள்பக்கத்திலேயே “அச்சுச் செலவு: இன்ன கம்பெனி, அது இந்த நோய்க்கு மருந்து விற்கிறது” என்று இருக்கட்டும். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பெயர்ப் பலகை வைத்தால் ஜி.எஸ்.டி. வருமா?

நன்றி தெரிவித்து நன்கொடையாளர் பெயரை மட்டும் பொறித்தால் வராது. 2019 அக்டோபர் 11 தேதியிட்ட சுற்றறிக்கை 116 இதைத் தெளிவாக்கியிருக்கிறது. பெயரோடு பொருளின் விளம்பரம், கடை முகவரி, தள்ளுபடி எல்லாம் சேர்ந்தால் அது ஸ்பான்சர் சேவை; 18 சதவீதம். யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு சரிப்படவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

செலவாகாத பங்கைத் திருப்பலாம். முதலில் அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, காரணத்தை இரண்டு வரியில் பதியுங்கள். வந்த அதே வங்கிக் கணக்குக்கே திருப்புங்கள்; செக் எழுதி ரெப் கையில் கொடுக்கக் கூடாது. 80ஜி சான்று கொடுத்திருந்தால் 10பிடி படிவத்தில் (வந்த நன்கொடைகளை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் ஆண்டு அறிக்கை) திருத்த அறிக்கை போட வேண்டும். மே 31 கெடுவுக்குள், இன்னும் அறிக்கை போடவில்லை என்றால் முதல் அறிக்கையிலேயே சரிசெய்துவிடலாம், வேலை மிச்சம். சி.எஸ்.ஆர். பணம் என்றால் செலவான பகுதிக்கு மட்டும் பயன்பாட்டுச் சான்று கொடுத்து, மீதியைக் காட்டித் திருப்புங்கள். அந்தப் பணத்தில் வாங்கிய மெஷின் ஏதாவது இருந்தால் அது யாருடையது என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும். அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால் இருப்புப் பட்டியலில் அப்படியே வைத்துக்கொண்டு, கம்பெனி லோகோ ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிடுங்கள்.